நெல்லூர் மாடும் அமேசான் காடும்

பிரேசிலில் ஏதாவது ஒரு மாட்டுப் பண்ணையின் படத்தை எடுத்துப் பாருங்கள். வெள்ளைத் தோல், முதுகில் திமில், கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடி. "இது நம்ம ஊர் மாடாச்சே" என்று தோன்றும். தோன்றுவது சரிதான். அந்த இனத்துக்கு அங்கே பெயர் 'நெலோரே'. சென்னையிலிருந்து வடக்கே மூன்று மணி நேரத்தில் போய்ச் சேருகிறோமே, அதே நெல்லூர். நாம் ஒங்கோல் மாடு என்று சொல்வதை அவர்கள் ஊர் மாற்றிச் சொல்கிறார்கள். பழைய சென்னை மாகாணத்தில் ஒங்கோல் பகுதி நெல்லூர் மாவட்டத்துக்குள் இருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

19ஆம் நூற்றாண்டில் இந்த மாடுகள் கப்பலேறி அங்கே போகத் தொடங்கின. ஐரோப்பாவிலிருந்து வந்த மாடுகள் அந்த வெயிலிலும் உண்ணிக்கடியிலும் துவண்டுபோயின. ஆந்திர வெயிலில் பழகிய இதுவோ கிடைத்த புல்லைத் தின்று, கன்று போட்டு, பெருகியது. 1960களின் தொடக்கத்தில் இன்னொரு தொகுதிப் பொலிகாளைகள் போயின. அவற்றில் ஒன்றின் பெயர் 'கர்வடி'. ஒங்கோலுக்குப் பக்கத்தில் இருக்கும் கரவடி என்ற ஊரின் பெயர்தான். பிரேசில் பண்ணைக்காரர்கள் வம்சாவளி பேச உட்கார்ந்தால் இன்றும் அந்தக் காளையின் பெயர் வந்துவிடும்.

இன்று பிரேசிலில் மாடுகள் 23 கோடிக்கு மேல். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மனிதர்கள் 20.3 கோடி. இறைச்சி மாடுகளில் மிகப் பெரும்பான்மை நெலோரே, இல்லாவிட்டால் நெலோரே கலப்பு. உலகிலேயே அதிகமாக மாட்டிறைச்சி ஏற்றுமதி செய்யும் நாடும் அதுதான்.

மாட்டிறைச்சியால் சூழலுக்கு என்ன கேடு என்று கேட்டால் எல்லோரும் மாட்டின் வயிற்றைக் காட்டுகிறார்கள். நான் அதன் காலடியைக் காட்டுவேன்.

வயிற்றுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நமக்குச் செரிக்காத புல்லையும் வைக்கோலையும் மாட்டின் முதல் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்துப் பிரித்துக் கொடுக்கின்றன. அந்த வேலையில் மீத்தேன் உண்டாகிறது. மாடு அசைபோடும்போது அது ஏப்பமாக வெளியேறுகிறது. (பின்பக்கம் வழியாகப் போவது கொஞ்சம்தான். இதை வைத்து வரும் கேலிப்படங்கள் எல்லாம் தப்பான முனையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.) மீத்தேன் காற்றில் 12 ஆண்டு போலத்தான் தங்கும். ஆனால் இருக்கும்வரை வேலையைக் காட்டிவிடும்: 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 27 மடங்கு, 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்கு அளவுக்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மனிதரால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் கால்நடைத் துறையின் பங்கு 14.5 விழுக்காடு என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் சொன்னது. 2023இல் அதையே 12 விழுக்காடு என்று திருத்திக் கணக்கிட்டது. எந்தக் கணக்கிலும் அதில் பாதிக்கு மேல் மாடுகளுடையது, பாலையும் கறியையும் சேர்த்து.

வயிறு ஏறக்குறைய எல்லா ஊர் மாட்டுக்கும் ஒன்றுதான். அப்புறம் ஏன் ஒரு கிலோ கறிக்கு ஊருக்கு ஊர் இவ்வளவு வித்தியாசம்? ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 119 நாடுகளில் 38,000க்கு மேற்பட்ட பண்ணைகளின் தரவைத் திரட்டி 2018இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கறிக்காகவே வளர்க்கும் மாடு என்றால் ஒரு கிலோவுக்குச் சராசரியாக 100 கிலோ அளவில் கரியமில வாயுவுக்கு இணையான வெளியீடு. பால் மாடு கடைசியில் கறிக்குப் போனால் 33 கிலோ, ஏனென்றால் சுமையைப் பாலும் பங்குபோட்டுக்கொள்கிறது. கோழிக்கு 10 கிலோ. பட்டாணிக்கு ஒரே ஒரு கிலோ. இவை சராசரிகள்தான். மாட்டிறைச்சிக்குள்ளேயே நல்ல பண்ணைக்கும் மோசமான பண்ணைக்கும் பல மடங்கு ஏற்ற இறக்கம் இருப்பதையும் அவர்களே காட்டினார்கள். அந்த ஏற்றம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனால் பெரும்பாலும் நிலத்தில்தான் போய் நிற்கும். மாடு மேயும் இடத்தில் அதற்கு முன்னால் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி.

(இடையில் தண்ணீர்க் கணக்கு ஒன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது: ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு 15,400 லிட்டர். எண் பொய்யில்லை. ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் புல்லிலும் தீவனப் பயிரிலும் விழுந்த மழை. மேய்ச்சல் நிலத்தில் பெய்யும் மழையை யாரும் குழாயில் பிடித்துக் குடிக்கப்போவதில்லை. இந்த எண்ணைத் தனியாக எடுத்து வீசுகிறவர்களிடம் நான் அதிகம் பேசுவதில்லை.)

சரி, நிலத்துக்கு வருவோம்.

அமேசானில் காடு போன இடத்தில் பெரும்பகுதி இன்று மேய்ச்சல் நிலம். அங்கே ஒரு ஹெக்டேருக்கு ஒரு மாடு, கொஞ்சம் கூடப்போனால் ஒன்றரை. ஒரு ஹெக்டேர் என்பது இரண்டரை ஏக்கர். இரண்டரை ஏக்கரை வளைத்து ஒரே ஒரு மாட்டை விட்டு மேய்த்துப் பிழைக்கப்போகிறேன் என்று நம் ஊரில் ஒருவர் சொன்னால் வீட்டிலேயே சிரிப்பார்கள். அங்கே யாரும் சிரிப்பதில்லை. அந்த மாடு தருகிற கறியைவிட, மாடு நிற்கிற நிலம் பிறகு விலைபோகும் தொகைதான் பலருக்கு வருமானம்.

நடக்கிற விதம் இப்படி. அரசுக்குச் சொந்தமான, இன்னும் எதற்கும் ஒதுக்கப்படாத காடு அங்கே கோடிக்கணக்கான ஹெக்டேர் கிடக்கிறது. நம் கணக்கில் சொன்னால் புறம்போக்கு. முதலில் விலையுள்ள மரங்களைத் தேடி வெட்டுபவர்கள் தடம் போட்டு நுழைகிறார்கள். பின்னாலேயே வருகிறவர்கள் மிச்சத்தைச் சாய்க்கிறார்கள். சில இடங்களில் இரண்டு டிராக்டர்களுக்கு நடுவே கனத்த இரும்புச் சங்கிலியைக் கட்டி இழுத்தே சாய்த்துவிடுவார்கள். வெட்டிப்போட்டது சில மாதம் காய்கிறது. ஆகஸ்ட், செப்டம்பர் வறட்சியில் தீ வைக்கிறார்கள். சாம்பல்மேல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பிரக்கியாரியா புல்லின் விதை. பெரிய பண்ணை என்றால் விமானத்திலிருந்தே தூவுவதுண்டு. வேலி போட்டு நெலோரேக்களை ஓட்டிவிட்டால் வேலை முடிந்தது. இனிமேல் அது காடில்லை. ஒருவர் 'அனுபவித்துவரும்' நிலம். அனுபோக பாத்தியம் என்று நம் பத்திரங்களில் எழுதுவதைத்தான் அங்கே மாடு தன் நான்கு காலால் எழுதிக்கொடுக்கிறது.

காகிதமும் வேண்டும் அல்லவா? அதற்கும் வழி உண்டு. இப்படிப் போலி ஆவணத்தில் நிலம் பிடிப்பதற்குப் போர்ச்சுகீசியத்தில் 'கிரிலாஜெம்' என்று பெயர். 'கிரிலோ' என்றால் இரவில் கிரீச்சிடும் சுவர்க்கோழி. அந்தக் காலத்தில் புதிதாக எழுதிய பொய்ப்பத்திரத்தை ஒரு பெட்டியில் போட்டு, கூடவே சில சுவர்க்கோழிகளையும் அடைத்துவைப்பார்களாம். பூச்சி அரித்து, எச்சமிட்டு, தாள் மஞ்சளடித்து, தாத்தா காலத்துப் பத்திரம் போல ஆகிவிடும். இப்போது பெட்டி போய்விட்டது. சூழல் துறையின் இணையப் பதிவேட்டில் "இது என் நிலம்" என்று உரிமையாளரே வரைந்து ஏற்றிவிடும் வசதி வந்திருக்கிறது. அந்தப் பதிவு பட்டா ஆகாது என்று சட்டம் சொல்கிறது. இருந்தும் நிலம் விற்கும்போது அதைத்தான் நீட்டுகிறார்கள். சில வருடம் பொறுத்தால் அரசே வரன்முறைப்படுத்தும். 2009இல் ஒரு சட்டம், 2017இல் அதைத் தளர்த்தி இன்னொன்று. வரன்முறை என்ற சொல்லுக்கு நமக்கு விளக்கம் தேவையில்லை.

இது தானாக முளைத்த பழக்கமும் இல்லை. 1964இல் ஆட்சியைப் பிடித்த ராணுவம் அமேசானை வெற்றிடமாகப் பார்த்தது. 1970இல் அதிபர் மெடிசி அமேசான் குறுக்கே நெடுஞ்சாலையை அறிவித்தார். ஆளில்லாத நிலத்தை நிலமில்லாத ஆட்களுக்குத் தருகிறோம் என்பது அந்தக் காலத்து முழக்கம். ஆளில்லாத நிலமாம், அத்தனை பழங்குடிகளும் அங்கே இருக்கும்போது! சிறு விவசாயிகளுக்குக் கிடைத்ததைவிடப் பெருநிறுவனங்களுக்குக் கிடைத்தது அதிகம். காட்டை அழித்துப் பண்ணை வைத்தால் வரிச்சலுகை. ஃபோக்ஸ்வாகன் கார் நிறுவனமே பாரா மாநிலத்தில் சுமார் 1,40,000 ஹெக்டேரில் மாட்டுப் பண்ணை நடத்தியது. கார் கம்பெனிக்கு மாடு எதற்கு என்ற கேள்விக்கு வரிக்கணக்கில்தான் பதில். அந்தப் பண்ணையில் தொழிலாளர்கள் அடிமைகளைப் போல நடத்தப்பட்டதாக 2025இல் ஒரு பிரேசில் தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பளித்து 16.5 கோடி ரியால் (பிரேசில் நாணயம்) இழப்பீடு விதித்தது. மேல்முறையீடு செய்வதாக நிறுவனம் சொன்னது.

பாரா மாநிலத்திலேயே சாவோ பெலிஸ் டோ ஷிங்கு என்று ஓர் ஊராட்சிப் பகுதி இருக்கிறது. பரப்பு 84,000 சதுர கி.மீ., அதாவது தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு. மக்கள் சுமார் 65,000 பேர். மாடுகள் சுமார் 25 லட்சம். பிரேசிலில் வேறு எந்த ஊராட்சியிலும் இத்தனை மாடு கிடையாது.

இவ்வளவு மாட்டையும் அந்த மண் தாங்குமா? தாங்காது. அமேசான் காட்டைப் பார்த்து மண் வளமானது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அங்கே சத்தெல்லாம் மரத்திலும் இலையிலும் இருக்கிறது. உதிரும் இலை மக்கியதும் வேர் அதை உடனே திரும்ப வாங்கிக்கொள்கிறது. எரித்தால் முதல் சில ஆண்டு சாம்பலின் தயவில் புல் செழிக்கும். பிறகு பாஸ்பரஸ் குறையும், களை ஏறும், மாட்டின் கால்பட்டு மண் இறுகும். உரம் போட்டுச் சீர்செய்வதைவிடப் பக்கத்துக் காட்டை எரிப்பது மலிவு. அதனால் ஒரு பக்கம் கோடிக்கணக்கான ஹெக்டேர் பாழ்பட்ட மேய்ச்சல் நிலம் கிடக்க, மறுபக்கம் புதுக்காடு எரிகிறது. பாழ்பட்டதில் 4 கோடி ஹெக்டேரை மீட்டெடுப்பதாக 2023 டிசம்பரில் பிரேசில் அரசு ஒரு திட்டம் அறிவித்தது. தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்கு நிலம்!

காட்டை எரித்தால் கரியமில வாயு வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதிகம் பேசப்படாதது மழை. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று அமேசானில் மழையாகிறது. மரங்கள் அதை உறிஞ்சி இலைவழியே மறுபடி ஆவியாக்குகின்றன. அது மேற்கே நகர்ந்து மறுபடி மழையாகிறது. அமேசானில் பெய்வதில் பாதியளவு இப்படிக் காடே திருப்பிக் கொடுத்த நீர் என்று 1970களில் எனேயாஸ் சலாத்தி என்ற பிரேசில் அறிவியலாளர் காட்டினார். அந்த ஈரம் ஆண்டிஸ் மலையில் மோதித் தெற்கே திரும்பி, பிரேசிலின் விவசாய மாநிலங்களுக்கு மழை கொடுக்கிறது. 'பறக்கும் ஆறுகள்' என்று அங்கே சொல்வார்கள். புல்லுக்கு அந்த ஆழமான வேரும் இல்லை, அவ்வளவு இலைப்பரப்பும் இல்லை. ஆகவே மாடு வளர்க்கக் காட்டை அழிப்பவர், நாளைக்கு அந்த மாட்டுக்கு வரவேண்டிய மழையையும் சேர்த்தே அழிக்கிறார். காட்டில் 20 முதல் 25 விழுக்காடு போனால் தெற்கு, கிழக்கு அமேசானின் பெரும்பகுதி மீளமுடியாமல் புதர்வெளியாகிவிடலாம் என்று கார்லோஸ் நோப்ரே, தாமஸ் லவ்ஜாய் இருவரும் 2018இல் எச்சரித்தார்கள். இதுவரை போனது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கை எட்டுகிறது. லூசியானா கத்தி குழுவினர் சிறுவிமானங்களில் ஒன்பது ஆண்டுகள் காற்று மாதிரி எடுத்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், தென்கிழக்கு அமேசான் இப்போதே உறிஞ்சுவதைவிட அதிகமாகக் கரிமத்தை வெளியிடுகிறது என்று தெரியவந்தது. மாடு அதிகமாக நுழைந்த பக்கமும் அதுதான்.

இதில் வில்லன்கள் எல்லோரும் பெரிய பண்ணைக்காரர்கள் என்று எழுதிவிட்டால் சௌகரியமாக இருக்கும். ரப்பர் பால் எடுப்போரின் தலைவர் சிக்கோ மெண்டிஸ், காடு வெட்ட வந்தவர்களை ஆட்களைத் திரட்டி மறித்தவர்; 1988 டிசம்பர் 22 அன்று ஷாபுரி ஊரில் தன் வீட்டின் பின்வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு பண்ணையாளரும் அவர் மகனும் தண்டிக்கப்பட்டார்கள். 1990இல் மெண்டிஸ் பெயரில் ஒரு காப்பகம் அமைந்தது. அந்தக் காப்பகத்துக்குள்ளேயே இன்று மாடு மேய்கிறது. ஓட்டி வந்தவர்களில் ரப்பர் பால் எடுத்த குடும்பங்களும் உண்டு. ரப்பருக்கு விலை இல்லை. மாடு என்றால் எந்த நாளும் வாங்க ஆள் உண்டு, சாலை இல்லாவிட்டாலும் சந்தைவரை தானே நடந்துவரும், மகளுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒன்றை விற்று ஆஸ்பத்திரிக்குப் போகலாம். ஆடு மாட்டை 'உசிருள்ள பணம்' போல வைத்திருக்கும் நம் கிராமத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தடுக்கவே முடியாதா என்றால், முடிந்திருக்கிறது. 2004இல் ஒரே ஆண்டில் 27,772 சதுர கி.மீ. காடு போனது; தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. மரினா சில்வா சூழல் அமைச்சராக இருந்த அந்தச் சமயத்தில் செயற்கைக்கோள் கண்காணிப்பு, காப்பகங்கள், சட்டம் மீறும் பண்ணைகளுக்கு வங்கிக்கடன் நிறுத்தம் என்று ஒவ்வொன்றாக வந்தன. 2009இல் கிரீன்பீஸ் அமைப்பின் விசாரணையும் பாரா மாநிலத்தில் மத்திய அரசு வழக்கறிஞர்கள் போட்ட வழக்கும் சேர்ந்து, காடழித்த பண்ணையிலிருந்து மாடு வாங்க மாட்டோம் என்று பெரிய இறைச்சி நிறுவனங்களிடம் எழுதி வாங்கின. 2012இல் அழிவு 4,571 சதுர கி.மீ.க்கு இறங்கியது. பிறகு பிடி தளர்ந்தது. 2019 ஆகஸ்டில் நோவோ புரோகிரெசோ பகுதியில் ஆட்கள் நாள் குறித்துக்கொண்டே தீ வைத்தார்கள். அதே மாதம் ஆயிரக்கணக்கான கி.மீ. தள்ளியிருக்கும் சாவோ பாலோ நகரம் பிற்பகலிலேயே இருண்டது. 2021இல் 13,038. ஆட்சி மாறி, 2024இல் 6,288.

எழுதி வாங்கிய அந்த ஒப்பந்தத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. இறைச்சி நிறுவனம் சோதிப்பது தனக்கு மாட்டை விற்கும் கடைசிப் பண்ணையை மட்டும். மாடோ ஒரே இடத்தில் வளர்வதில்லை. ஒருவர் கன்று ஈனவைப்பார், இன்னொருவர் வளர்ப்பார், மூன்றாமவர் கொழுக்கவைப்பார். சட்டவிரோதமாக எரித்த நிலத்தில் பிறந்த கன்றை ஓராண்டு கழித்துச் சுத்தமான பண்ணைக்கு லாரியில் ஏற்றிவிட்டால் அதன் பழைய கதை கழுவப்பட்டுவிடும். கறுப்புப் பணத்துக்குச் செய்வதுதான், இங்கே மாட்டுக்கு. மாட்டை இடம் மாற்ற ஒரு சீட்டு வேண்டும். ஆனால் அது கோமாரி போன்ற நோய்களைக் கண்காணிக்க வந்த சீட்டு. மந்தைக்குக் கொடுப்பது, தனித்தனி மாட்டுக்கு இல்லை. நோய் விஷயத்தில் அந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது. 2025 மே மாதம் தடுப்பூசி இல்லாமலே கோமாரி அற்ற நாடு என்ற தகுதி பிரேசிலுக்குக் கிடைத்தது. ஏற்றுமதிக்கு வேண்டிய காரியம் என்றால் ஒவ்வொரு மூலையையும் கணக்கெடுக்க முடிகிறது!

வழி தெரியாமலும் இல்லை. பக்கத்து நாடான உருகுவே 2006 முதல் ஒவ்வொரு மாட்டுக்கும் தனி எண் கொடுத்துப் பிறப்பிலிருந்து பின்தொடர்கிறது. நம் ஊர்ப் பசுவின் காதில் தொங்கும் மஞ்சள் வில்லையிலேயே 12 இலக்க எண் இருக்கிறது. பிரேசிலின் தேசியத் திட்டமோ 2032இல்தான் முழுமையடையும். 2020க்குப் பின் காடழித்த நிலத்துப் பொருளை வாங்க மாட்டோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் போட்டது. நடைமுறைக்கு வரும் தேதி தள்ளிக்கொண்டே போகிறது. அது வந்தாலும், பிரேசில் மாட்டிறைச்சியில் பெரும்பகுதியை உண்பவர்கள் பிரேசில்காரர்கள். ஏற்றுமதியில் பாதியளவு சீனாவுக்கு. ஐரோப்பாவின் கோபம் எட்டும் தூரம் குறைவு.

இந்தக் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு நம் ஊருக்கு வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியா ஏற்றுமதி செய்வது எருமைக்கறி. அது வருவது பால் பண்ணையிலிருந்து: பால் வற்றிய எருமை, வேண்டாத கடாக்கன்று. அதற்காக யாரும் காட்டை எரித்துப் புல் போடவில்லை. 2019 கணக்கெடுப்பில் இந்தியாவில் 19 கோடி மாடும் 11 கோடி எருமையும் இருந்தன. அத்தனையும் விடும் ஏப்பம் பெரியதுதான், ஆனால் அதில் பெரும்பங்கை எழுத வேண்டியது பால், தயிர், நெய்க் கணக்கில். பீஃப் வறுவல் சாப்பிடுபவரிடம் அமேசான் எரிகிறதே என்று வருத்தப்படும் பால்கோவா பிரியர், முதலில் தன் கணக்கைப் பார்த்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் மாட்டின் சூழல் கடன் விழுந்த இடம் வேறு: பாலாறு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நிலத்தையும் கிணற்றையும் கெடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்று தீர்ப்பளித்தது. அந்தத் தோல் செருப்பைச் சைவக்காரர்களும் போட்டுக்கொள்கிறார்கள்.

பிரேசிலின் உபெராபா நகரத்தில் திமில் மாடு வளர்ப்போர் சங்கம் ஒன்று இருக்கிறது. எந்தப் பொலிகாளைக்கு எந்தக் கிடேரி, யாருடைய பண்ணையில், எந்தத் தேதியில் என்று தலைமுறை தலைமுறையாக அங்கே பதிவு உண்டு. 2023இல் வியாட்டினா-19 என்ற நெலோரே பசுவின் பங்கு ஏலம் போனபோது அதன் மொத்த மதிப்பு 2.1 கோடி ரியால், நம் பணத்தில் சுமார் 36 கோடி ரூபாய் என்று ஆனது. உலகிலேயே விலையுயர்ந்த மாடு என்று கின்னஸில் ஏறியது. அறுபது வருடத்துக்கு முன் ஒங்கோல் பக்கத்திலிருந்து கப்பலேறிய காளைகள்வரை அந்தப் பதிவேட்டில் பின்னோக்கிப் போய்விடலாம். சாவோ பெலிஸ் டோ ஷிங்குவில் அடிமாடாக லாரியில் ஏறும் நெலோரே எங்கே பிறந்தது என்று கேட்டால், கையில் கொடுக்கும் சீட்டில் அது கடைசியாக நின்ற பண்ணையின் பெயர் மட்டும் இருக்கும்.